பெரிய சேவையகம் வாங்குவதற்கு முன் வாசலில் ஒருவரை நிறுத்துங்கள்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

திருகோணமலையிலுள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் இணையவழி விண்ணப்பம் திறக்கப்பட்ட அன்று காலையிலேயே அதன் இணையத்தளம் முடங்கிப்போனது குறித்து, தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளியான கடிதத்தைப் படித்தேன். மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பட்டினத்துக்கு வந்து, கணினி நிலையங்களின் வாசலில் மதியம் வரை காத்திருந்து, ஒன்றும் ஆகாமல் திரும்பிப்போன பெற்றோரின் சிரமத்தைக் கடிதம் எழுதிய அன்பர் உள்ளபடியே எடுத்துச் சொல்லியிருந்தார். அவருடைய மனக்குறையோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால், நிறுவனம் இப்போதுள்ளதைவிடப் பன்மடங்கு பெரிய சேவையகம் (இணையத்தளத்தைத் தாங்கி, கேட்பவருக்குப் பக்கங்களை அனுப்பும் கணினி) ஒன்றை உடனே கொள்வனவு செய்ய வேண்டும் என்று அவர் இறுதியில் கூறிய பரிகாரம் பணத்தைக் கரைக்குமே தவிர நோயைத் தீர்க்காது. அந்த நிறுவனத்தின் கணினி வேலைகளுக்கு உதவுபவர்களுள் நானும் ஒருவன் என்பதாலும், அன்றைய முடக்கத்தில் என் கவனக்குறைவுக்கும் பங்கு உண்டு என்பதாலும், நடந்தது என்ன, அதற்குப் பிறகு நாங்கள் செய்தது என்ன என்பதைப் பொதுவில் எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு நிறுவனங்களும் நம் மாவட்டத்தில் உள்ளன.

முதலில், அன்று நடந்தது. எங்களிடம் இருந்தது ஒரேயொரு சேவையகம். விண்ணப்பப் பக்கத்தை ஆக்கித் தரும் மென்பொருளும், விண்ணப்பங்களைச் சேமிக்கும் தரவுத்தளமும், பிள்ளைகளின் புகைப்படங்களும் எல்லாம் அதிலேதான். அந்தச் சேவையகம் ஒரே நேரத்தில் 40 பேருக்கு மட்டும் பக்கம் ஆக்கிக் கொடுக்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. உள்ளே 40 ஆட்கள் வேலை செய்யும் கூடம் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆக்க 0.2 செக்கன் எடுத்தால், அந்தக் கூடத்திலிருந்து ஒரு செக்கனுக்கு 200 பக்கங்கள் வெளியே போகலாம். நம் மாவட்டத்துக்கு அது தாராளம். ஆனால் கூட்டம் ஏறஏறத் தரவுத்தளத்தின் முன் வரிசை நீண்டு, அதே பக்கத்துக்கு 4 செக்கன் ஆகத் தொடங்கியதும், அதே 40 ஆட்கள் ஒரு செக்கனுக்கு 10 பக்கங்களே கொடுக்க முடிந்தது. பக்கம் வராததைக் கண்ட பெற்றோர் மீண்டும் மீண்டும் அழுத்தினார்கள். ஒவ்வோர் அழுத்தலும் புதிய கோரிக்கையாக வந்து வரிசையின் வாலில் நின்றது. கைவிடப்பட்ட பழைய கோரிக்கைக்கும் சேவையகம் விடாமல் பக்கம் ஆக்கிக்கொண்டிருந்தது. வாங்க ஆள் இல்லாத சாப்பாட்டைச் சமைத்துக்கொண்டே இருந்த கடையின் நிலைதான்.

இந்த இடத்தில் நினைவகத்தை இரட்டிப்பாக்கி 40 என்பதை 80 ஆக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தரவுத்தளத்தின் முன்னே 40 பேருக்குப் பதில் 80 பேர் நின்றிருப்பார்கள். பின்னர் ஆறுதலாகப் பதிவேடுகளைப் பார்த்தபோதுதான், விண்ணப்ப இலக்கத்தைத் தேடும் ஒரு வினவலுக்குத் தரவுத்தளத்தில் சுட்டி, அதாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்ற ஒன்று, போடப்படாமல் இருந்தது தெரிந்தது. முழு அட்டவணையையும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டித்தான் ஒவ்வொரு முறையும் விடை தந்திருக்கிறது. அந்தச் சுட்டியைச் சேர்க்க ஒரு வரி போதுமாக இருந்தது. ஒரு சதமும் செலவாகவில்லை. எந்த இடத்தில் வரிசை நீள்கிறது என்று பார்க்காமல் இயந்திரம் வாங்குவதை நான் எதிர்ப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் சற்று ஆழமானது. அன்றைக்கு எங்களைத் தேடி வந்தவர்களிற் பெரும்பாலானோர் கைப்பேசி இணைப்பில் வந்தவர்கள். கிராமங்களில் அலைவரிசை பலமாக இருப்பதில்லை. 1.5 மெகாபைற் அளவுள்ள ஒரு புகைப்படத்தை, செக்கனுக்கு 240 கிலோபிற் மட்டும் போகக்கூடிய இணைப்பில் அனுப்பினால், ஒரு பைற் என்பது 8 பிற் ஆகையால், அது வந்து சேர ஏறத்தாழ 50 செக்கன் ஆகும். ஓர் இணைப்புக்கு ஓர் ஆள் என்று ஒதுக்கும் பழைய முறையில் அமைந்த எங்கள் சேவையகத்தில், அந்த 50 செக்கனும் ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் படத்துக்காகக் காத்திருக்கிறார். வேகம் குறைந்த 40 இணைப்புகள் ஒன்றாக வந்தால் வேலை எதுவும் இல்லாமலே முழுக் கூடமும் நிரம்பிவிடும். கணினியின் மூளையான மத்திய செயலி ஓய்வாக இருப்பதையும் தளம் அசையாமல் நிற்பதையும் அன்று காலை நான் ஒருங்கே கண்டேன். அதை அப்போது விளங்கிக்கொள்ளவில்லை.

இதற்குத்தான் வாசலில் ஒருவரை நிறுத்த வேண்டும் என்கிறேன். ரிவர்ஸ் புரொக்சி என்று கணினித் துறையினர் சொல்வது அவரைத்தான். வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் இருந்து துண்டு எழுதுகிறார். உள்ளே எத்தனை அறைகள், எந்த அறையில் எந்த வைத்தியர், இன்றைக்கு யார் விடுமுறை என்பதெல்லாம் வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. துண்டு எழுதுபவர் பெயரையும் வயதையும் கேட்டு, எழுதி முடித்து, ஒழிந்திருக்கும் அறைக்கு அனுப்பிவிடுகிறார். அதேபோல, இணையத்தளத்தின் முகவரிக்கு வரும் கோரிக்கைகள் எல்லாம் முதலில் இந்த வாசற் கணினியிடம் வருகின்றன. அது உள்ளேயிருக்கும் இரண்டு மூன்று சேவையகங்களில் ஒன்றிடம் கோரிக்கையைக் கொடுத்து, விடையை வாங்கி, வந்தவரிடம் சேர்ப்பிக்கிறது. பாடசாலைக் கணினி கூடங்களிலும் அலுவலகங்களிலும் உள்ள சாதாரண புரொக்சி, உள்ளேயிருப்பவர்களின் சார்பில் வெளியே போய் வருவது. இதுவோ தளத்தின் சார்பில் வெளியாரை எதிர்கொள்வது. ஆகவேதான் ரிவர்ஸ் என்ற அடைமொழி.

மேலே சொன்ன 50 செக்கன் சிக்கல் இந்த வாசலிலேயே தீர்ந்துவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேகம் குறைந்த இணைப்பில் வரும் படத்தை வாசற் கணினி முழுவதுமாகத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, வந்து முடிந்த பிறகே உள்ளே கொடுக்கிறது. உள்ளேயிருக்கும் சேவையகத்துக்கு அது ஒரு கணத்து வேலை. விடையையும் அவ்வாறே ஒரே மூச்சில் வாங்கி வைத்துக்கொண்டு, கைப்பேசியின் வேகத்துக்கு ஏற்ப மெதுவாகக் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கானோரை இப்படிக் காக்க வைத்துக்கொண்டிருக்க அதற்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவையில்லை. ஒரே சேவையகம் ஒரே நேரத்தில் 10,000 இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற கேள்வியை டான் கேகல் என்பவர் 1999 இல் எழுப்பினார். அதற்கு விடையாக வந்தவற்றுள் ஒன்றுதான் ரஷ்யரான இகோர் சிசோயேவ் 2002 இல் எழுதத் தொடங்கி 2004 இல் பொதுவில் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருள். அதற்கும் முன்பே, 2001 இல், பிரான்சைச் சேர்ந்த வில்லி தாரோ எச்ஏபுரொக்சியை வெளியிட்டிருந்தார். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை, உலகின் மிகப் பெரிய தளங்களின் வாசலில் நிற்பவை. நாங்கள் என்ஜின்எக்ஸைத் தெரிவு செய்தோம். அதற்கு எனக்கு ஏற்கனவே பழக்கம் என்பதைத் தவிரப் பெரிய காரணம் இல்லை. நினைவகம் ஒரு கிகாபைற் மட்டும் கொண்ட சிறிய கணினியிலேயே அது நிற்கிறது.

கோரிக்கைகளை உள்ளேயிருக்கும் சேவையகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுமைப் பகிர்வைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவு இல்லை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் சுழற்சி முறையில், ஒருவர் விட்டு ஒருவராகக் கோரிக்கைகளை அனுப்பும். உள்ளேயிருக்கும் சேவையகங்களில் ஒன்று பெரிது, மற்றது சிறிது என்றால் பெரியதற்குக் கூடுதல் பங்கு கொடுக்கலாம். எந்தச் சேவையகத்தில் அந்த நேரத்தில் குறைந்த இணைப்புகள் உள்ளனவோ அதற்கு அனுப்பு என்றும் சொல்லலாம். ஒரு கோரிக்கை சட்டென முடிய மற்றொன்று நீளும் எங்களைப் போன்ற தளங்களுக்கு அதுவே பொருத்தம். நான்காவதாக, இணையத்தில் வந்தவரின் இணைப்பைக் குறிக்கும் இலக்கமான ஐபி முகவரியைக் கொண்டு அவரை எப்போதும் ஒரே சேவையகத்துக்கு அனுப்பும் முறை ஒன்றும் உண்டு. கேட்பதற்கு அது நல்லதாகத் தோன்றும். ஆனால் கைப்பேசி நிறுவனங்கள் பல்லாயிரம் வாடிக்கையாளரைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைத்திருப்பது உலகெங்கும் வழக்கம். போதாதற்கு, என்ஜின்எக்ஸ் இந்த முறையில் நான்கு பகுதிகள் கொண்ட முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே பார்க்கிறது. விளைவாக, ஒரு நிறுவனத்தின் கைப்பேசிக்காரர் எல்லோரும் ஒரே அறைக்குப் போய்விட, மற்ற அறை வெறுமையாகக் கிடக்கும். நம் நாட்டுத் தளங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்வி நிறுவனம் விண்ணப்ப இறுதித் திகதியை நீடித்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் தளத்தைத் திறக்க முடிவு செய்தது. அந்த இரண்டு வாரத்துக்குள் வாசலில் ஒரு சிறு கணினி, உள்ளே பக்கம் ஆக்கும் இரண்டு சேவையகங்கள், தரவுத்தளத்துக்குத் தனியே ஒன்று என அமைத்தோம். இவற்றுள் பழைய சேவையகம் ஒன்று. மற்றவை வாடகைக்கு எடுக்கப்பட்ட சிறிய மெய்நிகர் கணினிகள், அதாவது பெரிய கணினி ஒன்றை மென்பொருளால் பிரித்துத் தரும் பகுதிகள். என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் நாங்கள் எழுதியது இருபது வரிக்கு மேல் இராது. உள்ளேயிருக்கும் சேவையகங்களின் முகவரிகளை ஒரு குழுவாகப் பெயரிட்டு எழுதுவது, வெளியிலிருந்து வருவதை அந்தக் குழுவுக்கு அனுப்பு என்பது, இவ்வளவுதான் அதன் சாரம். ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. ஆனால் அந்த இருபது வரிகள் வேலை செய்கின்றன என்று நம்பி நிறுவன ஊழியர்களைக் கொண்டு ஒத்திகை பார்த்தபோது வெளிப்பட்ட பிழைகளைச் சரிசெய்யப் பத்து நாட்கள் பிடித்தன. பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் அந்த இருபது வரியோடு நின்றுவிடுவதால், பிழைகளையே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதற்பிழை, பாதி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே திடீரெனத் தளம் ஆளை வெளியேற்றி மீண்டும் கடவுச்சொல் கேட்டது. ஒரு சேவையகம் மட்டும் இருந்த காலத்தில், யார் உள்நுழைந்திருக்கிறார் என்ற குறிப்பை (இதை அமர்வுக் குறிப்பு என்பார்கள்) அது தன் வட்டிலேயே எழுதி வைத்திருந்தது. இப்போது முதலாம் பக்கத்தை ஒரு சேவையகமும் இரண்டாம் பக்கத்தை மற்றதும் கொடுக்கும்போது, மற்றதற்கு இந்த ஆளைத் தெரியவில்லை. வைத்தியசாலை உவமையை மீண்டும் எடுத்தால், சென்ற மாதம் பார்த்த வைத்தியர் இந்த மாதம் இல்லையென்றாலும் சிகிச்சை தடைப்படாமல் இருப்பது நோயாளியின் கையில் கிளினிக் கொப்பி இருப்பதால்தான். அமர்வுக் குறிப்புகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அந்தக் கொப்பியைப் போல, ஒப்பமிட்ட குறிப்பை வந்தவரின் உலாவியிலேயே குக்கி எனப்படும் சிறு பதிவாகக் கொடுத்துவிடுவது. மற்றது, எல்லா வைத்தியரும் பார்க்கக்கூடிய ஒரே பதிவறையில் வைப்பது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். ரெடிஸ் என்னும் சிறிய நினைவகத் தரவுத்தளம் ஒன்றை நிறுவி, இரு சேவையகங்களும் அமர்வுகளை அங்கேயே எழுதவும் படிக்கவும் செய்தோம்.

புகைப்படங்களின் கதையும் இதே குடும்பம். ஏற்றிய படம் ஒரு முறை தெரிந்தது, பக்கத்தைப் புதுப்பித்தால் காணாமற்போனது, மீண்டும் புதுப்பித்தால் திரும்பி வந்தது. ஊழியர் ஒருவர் இதைச் சொன்னபோது அவருடைய கைப்பேசியில்தான் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. படம் ஒரு சேவையகத்தின் வட்டில் மட்டும் கிடந்தது. சுழற்சி முறையில் ஒன்று விட்டு ஒரு தடவை அது இல்லாத சேவையகத்திடம் கேட்கப்பட்டிருக்கிறது. எல்லாப் படங்களையும் இரு சேவையகங்களும் பகிரும் ஒரு பொது வட்டுக்கு மாற்றினோம். அதே நாளில், ஒரு மெகாபைற்றுக்கு மேற்பட்ட படங்கள் ஏறாமல், அனுப்பியது அளவில் மிகப் பெரிது என்பதைக் குறிக்கும் 413 என்ற இலக்கத்தோடு திரும்பின. உள்ளேயிருக்கும் சேவையகம் ஐந்து மெகாபைற் வரை ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தாலும், வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் தானாக விதித்துக்கொள்ளும் எல்லை ஒரு மெகாபைற். வாசலிலும் அந்த எல்லையை உயர்த்த வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

மூன்றாவது பிழைதான் எங்களை நடுங்க வைத்தது. ஒத்திகையின் நடுவில், எவராலும் உள்நுழைய முடியாமற்போனது. தவறான கடவுச்சொல்லைப் பலமுறை கொடுக்கும் முகவரியைத் தடுத்து நிறுத்தும் காவல் ஏற்பாடு ஒன்று உள்ளேயிருக்கும் சேவையகங்களில் இருந்தது. ஆனால் உள்ளேயிருப்பவற்றின் கண்ணுக்கு, வருகிறவர் எல்லோரும் வாசற் கணினியின் முகவரியிலிருந்தே வருகிறார்கள். நான்கைந்து பேர் கடவுச்சொல்லைத் தவறாக அடித்ததும், அத்தனை பேரும் ஒரே ஆள் என்று எண்ணிக் காவல் ஏற்பாடு வாசலையே பூட்டிவிட்டது. துண்டு எழுதுபவர் வந்தவரின் ஊரையும் பெயரையும் துண்டில் குறித்து அனுப்ப வேண்டும். கோரிக்கையோடு சேர்ந்து போகும் எக்ஸ் போர்வர்டட் ஃபோர் என்ற தலைப்புவரி அதற்காகவே இருக்கிறது. அதில் உண்மையான முகவரியை எழுதும்படி வாசலுக்கும், அதையே படிக்கும்படி உள்ளேயும் சொல்ல வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்தத் தலைப்புவரியை வெளியிலிருந்து வருபவர் எவரும் தாமே பொய்யாக எழுதிக்கொண்டு வரலாம். ஆகவே வாசற் கணினியிலிருந்து வந்தால் மட்டும் நம்பு என்று உள்ளே வரையறுப்பதோடு, வாசலைத் தவிர வேறு எவரும் உள்ளேயிருக்கும் சேவையகங்களை நேரே அணுக முடியாதபடி தீச்சுவரையும் அமைக்க வேண்டும். பின்கதவு திறந்து கிடந்தால் முன்வாசலில் ஆள் வைத்துப் பயன் இல்லை.

வந்தவருக்கும் தளத்துக்கும் இடையே போவதை வேறெவரும் படிக்காதபடி காக்க உதவும் மறைகுறியாக்கச் சான்றிதழை வாசலில் மட்டும் வைத்தோம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து அதை இலவசமாகவே வழங்குகிறது; நாங்கள் பெற்ற சான்றிதழ் 90 நாட்கள் செல்லுபடியாகும், புதுப்பித்தலைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. வந்த இணைப்பு மறைகுறியாக்கப்பட்டதுதான் என்று வாசல் உள்ளே அறிவிக்காவிட்டால், உள்ளேயிருக்கும் மென்பொருள் ஆளைப் பாதுகாப்பான முகவரிக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்ப, வாசல் மீண்டும் உள்ளே அனுப்ப, உலாவி களைத்துப்போய் நின்றுவிடும். இதிலும் நாங்கள் ஒரு பின்னேரம் அகப்பட்டுக்கொண்டோம்.

ஒரு சேவையகம் விழுந்தால் மற்றது தாங்கும் என்பது சுமைப் பகிர்வின் பெரிய வாக்குறுதி. அந்த வாக்குறுதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பு, உள்ளேயிருக்கும் சேவையகம் உயிரோடு உள்ளதா என்று தானாகப் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு கோரிக்கையை அனுப்பி அது தோற்ற பிறகே அறிந்துகொள்கிறது. அறிந்ததும் 10 செக்கனுக்கு அந்தச் சேவையகத்தை ஒதுக்கி வைக்கிறது, பிறகு மீண்டும் ஒருவரை அனுப்பிப் பார்க்கிறது. இணைப்புக் கிடைக்காவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு அதன் இயல்பான அளவு 60 செக்கன். ஒரு கணினி முற்றாக அணைந்து கிடக்கும்போது, அதற்கு அனுப்பப்பட்ட பெற்றோர் ஒரு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் அதை 3 செக்கனாகக் குறைத்தோம். எச்ஏபுரொக்சியின் இலவசப் பதிப்பிலோ, சொன்னால் 2 செக்கனுக்கு ஒருமுறை தானே தட்டிப் பார்த்து, மூன்று முறை விடை வராவிட்டால் விலக்கி, இரண்டு முறை சரியாக வந்தால் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. இந்த ஒரு விடயத்தில் எங்கள் தெரிவு தவறாகிவிட்டதோ என்று எனக்கே ஐயம் உண்டு.

தட்டிப் பார்ப்பதிலும் நிதானம் வேண்டும். வெறும் வணக்கம் என்று எழுதிய ஒரு பக்கத்தைக் கேட்டு அது வந்துவிட்டால் நலம் என்று முடிவு செய்தால், தரவுத்தளத் தொடர்பை இழந்து பிழைப்பக்கம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கும் சேவையகமும் நலமாகவே தோன்றும். மாறாக, தரவுத்தளத்தையும் தொட்டுப் பார்க்கும் பக்கத்தைக் கேட்டால், தரவுத்தளம் ஒரு கணம் தடுமாறும்போது எல்லாச் சேவையகங்களும் ஒரே நேரத்தில் விலக்கப்பட்டு, சில செக்கன் தாமதமாக இருந்திருக்க வேண்டியது முழு முடக்கமாகிவிடும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் கோரிக்கை ஒரு சேவையகத்துக்குப் போய் நடுவில் தோற்றால் அதை மற்றதற்கு மீண்டும் அனுப்புவதா என்பதும் இதே வகைக் கேள்வி. என்ஜின்எக்ஸ் இயல்பாக அனுப்பாது. ஏனெனில் முதலாவது சேவையகம் அதை ஏற்கனவே பதிந்திருக்கலாம். சில விளக்கங்களில் அந்தத் தடையை நீக்கிவிடும்படி எழுதியிருக்கிறார்கள். கட்டணம் அறவிடும் தளத்தில் அதைச் செய்தால் பெற்றோர் இரு முறை பணம் கட்ட நேரும்.

எல்லோருக்கும் ஒரே விதமாகத் தெரியும் பக்கங்களை, அதாவது அறிவித்தல், வழிகாட்டி, தெரிவானோர் பட்டியல் போன்றவற்றை, வாசலிலேயே ஒரு செக்கன் நேரம் சேமித்து வைத்துக் கொடுக்கலாம். ஒரு செக்கனுக்கு 300 பேர் கேட்டாலும் உள்ளே ஒருவருக்கே பக்கம் ஆக்கினால் போதும். பட்டியல் வெளியாகும் நாளில் இந்த ஒரு செக்கன் செய்யும் உதவியைப் பெரிய சேவையகம் செய்யாது. ஆனால் குக்கி வைக்கும் பக்கங்களை என்ஜின்எக்ஸ் இயல்பாகச் சேமிப்பதில்லை என்ற காவலை, வேகத்துக்கு ஆசைப்பட்டு எவரும் நீக்கிவிடக் கூடாது. நீக்கினால் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் இன்னொரு பிள்ளையின் திரையில் திறக்கும்.

இவ்வளவையும் படிக்கும் கவனமான வாசகர், வாசலில் நிற்பவரே மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஒரே வலையமைப்புக்குள் இரண்டு வாசற் கணினிகளை வைத்து, ஒன்று நின்றால் மற்றது அதே ஐபி முகவரியைத் தன்னதாக எடுத்துக்கொள்ளும்படி செய்ய, கீப்அலைவ்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போன அன்று, எங்கள் அறையில் இருந்தவை எல்லாம், எத்தனை இருந்தனவோ அத்தனையும், ஒன்றாகவே அணைந்தன. ஒரே அறையில், ஒரே யூபிஎஸ்ஸில் தொங்கும் இரண்டு கணினிகளை இரண்டு என்று எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றுவது. வேறு ஊரில் இன்னொரு வாசலை வைத்தால் மேற்சொன்ன முகவரி மாற்றம் அங்கே செல்லாது. தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரி எது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவைத்தான் மாற்ற வேண்டும். பதிவின் ஆயுளை 300 செக்கன் என்று முன்கூட்டியே குறைத்து வைத்திருந்தால், பெரும்பாலானோர் ஐந்து நிமிடத்துக்குள் புதிய வாசலுக்கு வந்துவிடுவார்கள். சில இணைப்புகள் பழைய பதிவையே இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். எங்களிடம் இப்போது இருப்பது ஒரே வாசல்தான், அதன் அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்று வேறிடத்தில் உள்ளது. தரவுத்தளமும் ஒன்றே. அதற்குப் பிரதி வைப்பது இதைவிடக் கடினமான வேலை. அதை இந்தக் கடிதத்தில் தொட்டால் தங்கள் பக்கம் போதாது.

இரண்டாம் முறை திறந்த நாளில் தளம் நின்றது. காலையில் சில நிமிடங்கள் மெதுவாக இருந்தது உண்மை. அதனால் நாங்கள் செய்தது சரி என்று நிறுவப்பட்டுவிட்டதாக நான் சொல்லவில்லை. முதல் நாளைவிடக் கூட்டமும் அன்று குறைவாகவே இருந்தது. சுட்டி போட்டதன் பங்கு எவ்வளவு, வாசலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் என்னால் முடியாது.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் பகுதியில் ஏதேனும் ஒரு தளம் முடங்கும்போதெல்லாம் முடங்கியது என்ற செய்தி வருகிறது, அடுத்த நாள் சீரானது என்ற செய்தி வருகிறது. பொறுப்பானவர்களிடம் தங்கள் செய்தியாளர்கள் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். தளத்துக்குப் பின்னால் எத்தனை சேவையகங்கள் உள்ளன? திறப்பதற்கு முன் செயற்கையாகக் கூட்டம் அனுப்பிச் சோதித்தீர்களா? அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தீர்களா? விலைமனு கோரும் நிறுவனங்களும் நினைவகம் எத்தனை கிகாபைற் என்று எழுதும் இடத்தில் இந்த மூன்றையும் எழுதினால், வழங்குநர்கள் வேறு விதமாகச் சிந்திக்கத் தொடங்குவார்கள்.

மூன்றாவது கேள்விக்கு எங்களிடமும் இன்னும் விடை இல்லை. விண்ணப்பக் காலம் முடியும் வரை அதைச் செய்யத் துணிவு வரவில்லை. வரும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஊழியர் முப்பது பேர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே, பக்கம் ஆக்கும் இரண்டு சேவையகங்களில் ஒன்றை வேண்டுமென்றே அணைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். கடிதம் எழுதிய அன்பர் விரும்பினால் அவரும் வந்து பார்க்கலாம். தங்கள் அலுவலகத்தின் ஊடாக அவர் தொடர்புகொண்டால் இடத்தைத் தெரிவிக்கிறேன்.

இங்ஙனம்,
கணினி வலையமைப்புப் பணியாளர் ஒருவர்,
உவர்மலை,
திருகோணமலை.